ட்ரெபுசெட் மாதிரி செய்தால் கல் ஏன் வானத்தைப் பார்த்துப் போகிறது?

நீங்கள் கேட்டவை இரண்டு: பழங்காலக் கல்லெறி பொறிகளில், முறுக்குக் கயிற்றுப் பொறிக்கும் ட்ரெபுசெட்டுக்கும் (தண்டின் ஒரு முனையில் கனமான எதிர்எடை விழ, மறுமுனைக் கவண் கல்லை எறியும் பொறி) என்ன வித்தியாசம்? வீட்டில் செய்த ட்ரெபுசெட்டில் கல் ஏன் முன்னால் பாயாமல் மேலே எழும்புகிறது?

கிரேக்க, ரோமானியப் பொறிகளில் விசை கயிற்றில் இருந்தது. தசைநாரையோ முடியையோ திரித்த கயிற்றைச் சட்டத்தின் துளைகளில் அடைத்துக் கட்டி, நடுவில் தண்டைச் செருகி முறுக்குவார்கள். துளை அளவுக்குக் கிரேக்கர்கள் சூத்திரமே வைத்திருந்தார்கள்: கல்லின் எடையை மினாவில் (பழைய கிரேக்க எடை அலகு) எடுத்து, 100ஆல் பெருக்கி, கனமூலம் கண்டு, அதில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டினால் விட்டம் விரற்கடையில் வரும். 10 மினா கல்லுக்கு, அதாவது சுமார் 4.4 கிலோவுக்கு, 11 விரற்கடை. ஏறத்தாழ 21 செ.மீ. கல் எட்டு மடங்கு கனத்தால் விட்டம் இரண்டு மடங்கு. அந்தக் காலத்தில் கனமூலம் போட்டுப் பொறி கட்டியிருக்கிறார்கள் என்பது அசாத்தியமான விஷயம்.

ஆனால் ஈரம் பட்டால் நார் தளர்ந்துவிடும். இரட்டைத் தண்டுப் பொறியில் ஒரு பக்கம் தளர்ந்தாலும் குறி தப்பும். ஒனேஜர் என்ற ஒற்றைத் தண்டு முறுக்குப் பொறியைக் கல் மதில்மேல் வைத்தால் அதிர்ச்சியில் மதிலே பிளக்கும் என்று 4ஆம் நூற்றாண்டின் ரோமானிய வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் எழுதிவைத்திருக்கிறார்.

ட்ரெபுசெட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. மழை பெய்தாலும் எடை எடைதான். சீனாவில் முதலில் ஆட்கள் கயிறு பிடித்து இழுத்தார்கள், பின்னர் ஆட்களுக்குப் பதிலாக எதிர்எடை வந்தது. 1273இல் சீன நகரமான சியாங்யாங் மங்கோலியரிடம் பணிந்ததும், 1304இல் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டைமேல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் ‘வார்வுல்ஃப்’ பொறியை ஏவியதும் இந்த வகையால்தான்.

இனி உங்கள் மாதிரி. எதிர்எடை கல்லைப்போல் 100 மடங்கு இருக்கட்டும். தண்டில் அச்சிலிருந்து கவண் பக்கமுள்ள நீளக்கை, எடைப் பக்கமுள்ள குட்டைக்கையைப்போல் 4 மடங்கு. கவண் கயிறு ஏறக்குறைய நீளக்கை அளவு. எடைப் பெட்டியைத் தண்டில் இறுக்காமல் தொங்கவிடுங்கள். நேராக விழும், சட்டம் குறைவாக ஆடும். 10 கிலோ எடை அரை மீட்டர் விழுந்து 100 கிராம் கல்லை எறிந்தால், இழப்பே இல்லாத கணக்கில் 100 மீட்டர். பாதி வந்தாலே நல்ல வேலைப்பாடு.

கல் மேலே போவதற்குக் காரணம் பெரும்பாலும் தண்டு நுனியிலுள்ள ஆணிதான். கவணின் ஒரு முனை தண்டில் கட்டியிருக்கும்; மறுமுனையின் வளையம் இந்த ஆணியில் மாட்டியிருக்கும். ஆணி நேராக நீட்டிக்கொண்டிருந்தால் வளையம் சீக்கிரம் நழுவும், கல் செங்குத்தாக ஏறும். எறியும் திசைப் பக்கம் வளைத்தால் தாமதமாக நழுவி, கல் தாழ்ந்து போகும். அதிகம் வளைத்தால் எதிரேயே தரையில் குத்தும். ஒவ்வொரு எறிக்கும் சிறிது சிறிதாக வளையுங்கள், வேறு எதையும் மாற்றாதீர்கள். ஆணியில் துருவோ பிசிறோ இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி விழும்; உப்புத்தாள் போட்டு வழுவழுப்பாக்குங்கள். ஆணி சரியான பிறகும் கல் உயரமாகவே போனால் கவண் குட்டை, சற்று நீட்டுங்கள்.

சோதிக்கும்போது பக்கவாட்டில் மட்டும் நில்லுங்கள். முன்கூட்டியே நழுவிய கல் பின்பக்கமும் பாயும்.