சிரிஞ்ச் லிஃப்ட் வேண்டாம், ஊசல் போதும்

வணக்கம் சார். மகள் பிளஸ் ஒன் இயற்பியல் புராஜெக்டுக்கு இயக்கவியலில் கொஞ்சம் கஷ்டமான தலைப்பு வேண்டும் என்கிறாள், சிரிஞ்ச் வைத்த ஹைட்ராலிக் லிஃப்ட் செய்யலாமா, ஜேஇஇ படிப்பு கெடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

லிஃப்ட் வேண்டாம். ஒட்டி முடித்து, மேலே ஏறி இறங்குவதைக் காட்டியதும் பெரும்பாலான பிள்ளைகள் நிறுத்திவிடுகிறார்கள். சிபிஎஸ்இ செய்முறையின் 30 மதிப்பெண்ணில் புராஜெக்டுக்கு 3, வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு 5. மாடலின் பளபளப்பு அங்கே உதவாது.

தனி ஊசலை, அதாவது நூலில் தொங்கி ஆடும் குண்டை, எடுக்கச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள்! அலைவு நேரம், அதாவது ஒருமுறை போய்த் திரும்ப ஆகும் நேரம், கோணத்தைப் பொறுத்ததல்ல என்று பாடத்தில் படித்திருப்பாள். அது சின்னக் கோணத்துக்கு மட்டும்தான் சரி. 1 மீட்டர் ஊசலுக்குச் சூத்திரம் தருவது சுமார் 2.01 விநாடி. 60 டிகிரியிலிருந்து விட்டால் அது 2.15 ஆகிவிடும், அதாவது 7 சதவீதம் கூடுதல். 20 டிகிரியிலோ வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. சூத்திரம் எந்தக் கோணத்தில் கைவிடுகிறது என்பதுதான் அவளுடைய கேள்வி.

கஷ்டம் அளப்பதில் இருக்கிறது. லேபில் செய்வதுபோல் 20 அலைவை எண்ணி வகுத்தால், காற்றுத்தடையால் கோணம் குறைந்துகொண்டே போய் விடை கெட்டுவிடும். ஒரே ஒரு அலைவை ஸ்டாப்வாட்சில் பிடிக்கலாம் என்றால், கை தாமதமே 0.1 விநாடிக்கு மேல் வரும். போனில் விநாடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷன் இருந்தால் ஒரு பிரேம் சுமார் 0.004 விநாடி. குண்டு மிக வேகமாகப் போகும் அடிப்புள்ளியில் ஒரு கோடு போட்டு, ஒரே திசையில் அடுத்தடுத்து இருமுறை கடப்பதற்குள் எத்தனை பிரேம் என்று எண்ணட்டும். கனமான இரும்புக் குண்டு, நீளாத நூல். 70 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். 90-ஐ நெருங்கும்போது நூலில் இழுவிசை குறைந்து குண்டு குலுங்கும்.

ஆர்வம் மிஞ்சினால் டச்சு விஞ்ஞானி ஹைகென்ஸ் பக்கம் போகலாம். உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள ஒரு புள்ளி வரையும் சைக்ளாய்டு வளைவில் ஊசல் ஆடினால் எந்தக் கோணத்திலும் நேரம் மாறாது என்று 1659-இல் கண்டவர் அவர். ஆனால் அதைச் செய்து பார்ப்பது தனி வேலை, இப்போதைக்குக் கட்டாயமில்லை.

ஜேஇஇ கெடாது. அலைவுகள் அந்தப் பாடத்திட்டத்திலும் உண்டு. சில வார இறுதிகள் போதும். அப்புறம், வரைபடத்தில் புள்ளிகள் கோட்டிலிருந்து விலகினால் நீங்கள் ‘சரிசெய்து’ கொடுக்காதீர்கள் சார். வைவாவில் அந்தப் புள்ளிகளைப் பற்றித்தான் கேட்பார்கள்.