வரி கட்டினால் பணம் வரும் என்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. பெரம்பூரில் குடியிருக்கிறேன், ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை. நான்கு மாதத்துக்கு முன் யாரோ என்னை ஒரு டெலிகிராம் குழுவில் சேர்த்தார்கள். அதில் 'மாஸ்டர்' என்று ஒருவர் கிரிப்டோ வாங்கி விற்கக் கற்றுக்கொடுத்தார். அவர் காட்டிய வெப்சைட்டில் முதலில் 15,000 ரூபாய் போட்டேன். இரண்டே வாரத்தில் 18,000 ரூபாயாக என் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்தது. அந்த நம்பிக்கையில் ஐந்து தவணையாக 5,30,000 ரூபாய் வங்கி வழியாகவும், 2,10,000 ரூபாய்க்கு யூ.எஸ்.டி.டி. என்ற கிரிப்டோ நாணயம் வாங்கியும் அனுப்பினேன். கடைசித் தவணை அனுப்பி 9 நாள் ஆகிறது. தளத்தில் இப்போது 24 லட்சம் காட்டுகிறது. எடுக்கப் போனால், லாபம் 16,60,000 ரூபாய்க்கு 30 சதவீத வரி 4,98,000 ரூபாயை முதலில் கட்டச் சொல்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டலாமா என்று யோசிக்கிறேன். இதற்கிடையே என் சம்பளக் கணக்கை முடக்கிவிட்டார்கள். குஜராத் போலீஸ் சொல்லித்தான் என்கிறது வங்கி. நான் சொல்லி என் நாத்தனார் வீட்டுக்காரரும் இதில் 1,50,000 ரூபாய் போட்டார். அதற்கு எழுதிக் கொடு, இல்லையென்றால் போலீசுக்குப் போவேன் என்கிறார். என் கணவருக்கு எதுவுமே தெரியாது. என்ன செய்வது?

பதில்: சகோதரி, அந்த 4,98,000 ரூபாயைக் கட்டாதீர்கள். நகையைப் பெட்டியிலேயே வையுங்கள். இதைப் படித்து முடிக்கும் முன்பே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மற்றதை அதற்குப் பிறகு படிக்கலாம்.

காரணம் சொல்கிறேன். கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு என்பது உண்மைதான், 2022 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. மோசடிக்காரர்கள் உங்களை வளைத்ததும் இந்த உண்மையை வைத்துத்தான். ஆனால் அந்த வரியை நீங்கள் கட்டுவது வருமான வரித் துறையிடம், உங்கள் பான் எண்ணில், கணக்குத் தாக்கல் செய்யும்போது. இந்தியாவில் இயங்கும் எக்ஸ்சேஞ்ச், அதாவது கிரிப்டோ வாங்கி விற்கும் தளம், விற்ற தொகையிலிருந்து 1 சதவீத டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். 'உன் 24 லட்சம் என்னிடம் இருக்கிறது, வெளியிலிருந்து 5 லட்சம் கொண்டுவா' என்று நேர்மையான எந்த நிறுவனமும் கேட்காது. 24 லட்சம் உண்மையில் இருந்தால் அதிலேயே கழித்துக்கொள்ளலாமே. அங்கே பணம் இல்லை. திரையில் யாரோ தட்டிய ஓர் எண் மட்டும்தான் இருக்கிறது.

அம்பத்தூரிலிருந்து என்னிடம் வழக்குக்காக வந்த ஒரு கட்சிக்காரர் இதே வரியைக் கட்டிவிட்டு வந்தார். கட்டிய மறுநாள் 'சர்வதேசப் பரிமாற்றக் கட்டணம்' கேட்டிருக்கிறார்கள். அதையும் கட்டினார். அதன் பிறகு 'கணக்கு சந்தேகத்துக்கு உள்ளாகிவிட்டது, வைப்புத்தொகை கட்டினால் விடுவிப்போம்' என்றார்கள். அவர் முதலில் போட்டதைவிட, அதை மீட்கப் போய் இழந்தது அதிகம். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவர் அழுத நாளை நான் மறக்கவில்லை. அதனால்தான் உங்கள் நகையைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது 18,000 ரூபாய்க்கு வருவோம். உங்கள் நம்பிக்கைக்கு விதை போட்டதும் அதுதான், உங்கள் கணக்கு முடங்கியதற்குக் காரணமும் பெரும்பாலும் அதுதான். அந்தப் பணத்தை யாரும் லாபமாகச் சம்பாதித்துத் தரவில்லை. உங்களைப் போலவே குஜராத்தில் ஏமாந்த யாரோ ஒருவர் அனுப்பிய பணம், இரண்டு மூன்று வாடகைக் கணக்குகளைத் தாண்டி உங்களிடம் வந்திருக்கும். அவர் புகார் கொடுத்ததும் பணம் போன தடத்தைப் பிடித்து, அது தொட்ட கணக்குகளைப் போலீஸ் நிறுத்தச் சொல்லும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு அதற்கு அதிகாரம் தருகிறது.

கணக்கை விடுவிக்க, முதலில் வங்கிக் கிளைக்குப் போய் மூன்று விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: புகாரின் ஒப்புகை எண், எந்தக் காவல் நிலையம், சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு. அந்த விசாரணை அதிகாரிக்கு ஈமெயிலிலும் பதிவுத் தபாலிலும் உங்கள் கதையை ஒளிக்காமல் எழுதுங்கள். உங்கள் கணக்கு அறிக்கையையும், நீங்கள் கொடுத்த புகாரின் எண்ணையும் இணையுங்கள். 18,000 ரூபாயை மட்டும் எடுக்க முடியாதபடி நிறுத்தி (லியன்) வைத்துக்கொண்டு மீதிக் கணக்கை இயங்கவிடக் கேளுங்கள். சந்தேகத் தொகைக்கு மேல் முழுக் கணக்கையும் முடக்கி வைப்பது சரியல்ல என்று உயர்நீதிமன்றங்கள், நம் சென்னை உயர்நீதிமன்றம் உட்பட, உத்தரவு போட்டிருக்கின்றன. கடிதத்துக்குப் பதில் இல்லையென்றால் ரிட் மனு போடலாம். அந்தப் போலீஸ் போன் செய்தால் எடுங்கள், ஒதுங்காதீர்கள். உங்கள் புகார் முதலில் பதிவாகியிருந்தால், நீங்களும் பாதிக்கப்பட்டவர் என்று காட்ட அதைவிட நல்ல சான்று கிடையாது.

1930-ல் புகார் கொடுக்கும்போது ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் உரிய யூ.டி.ஆர். எண்களைக் கையில் வைத்திருங்கள். யூ.பி.ஐ. பரிமாற்றத்துக்கு அது 12 இலக்கம். நெஃப்டில் அனுப்பியிருந்தால் 16 எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். ஐந்து தவணையையும் தனித்தனியாகச் சொல்லுங்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு கணக்குக்குப் போயிருக்கும். போனிலேயே முடியவில்லை என்றால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் நீங்களே பதியலாம். அரசுத் தளம் என்பதால் முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியும், அதைப் பார்த்துத் திறங்கள். இதில் நேரம்தான் எல்லாம். பணம் இறங்கிய கணக்கிலிருந்து அது ஏ.டி.எம்.மிலோ கிரிப்டோவாகவோ வெளியேறும் முன் பிடித்தால்தான் நிற்கும். 9 நாள் என்பது தாமதம்தான், மறைக்க மாட்டேன். ஆனாலும் ஐந்து கணக்கில் ஏதாவது ஒன்று வேறொருவர் புகாரில் முன்பே முடக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. அப்படி நின்ற தொகையை, அதே சுரக்ஷா சன்ஹிதாவின் 503-ஆம் பிரிவில் நீதிமன்றத்தில் மனுப் போட்டு வாங்கலாம். பழைய சட்டத்தில் இது 457.

யூ.எஸ்.டி.டி.யாகப் போன 2,10,000 ரூபாய்க்கு வழி வேறு. எந்த எக்ஸ்சேஞ்சில் வாங்கினீர்கள், எந்த வாலட் (கிரிப்டோ பை) முகவரிக்கு அனுப்பினீர்கள், பரிமாற்ற ஹாஷ் (அந்தப் பரிமாற்றத்தின் அடையாள எண்) என்ன என்பதை எழுதிக் கொடுங்கள். ட்ரான் என்ற பிளாக்செயின் வழியாக அனுப்பியிருந்தால் முகவரி 'டி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். அதை யார் வேண்டுமானாலும் பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் பார்க்கலாம், பணம் எங்கே போனது என்பதும் அழியாமல் இருக்கும். யூ.எஸ்.டி.டி.யை வெளியிடும் நிறுவனத்தால் ஒரு முகவரியை முடக்க முடியும், போலீஸ் கேட்டு அப்படி முடக்கியும் இருக்கிறது. நீங்களோ நானோ கேட்டு நடக்காது என்பதால்தான் எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்கிறேன்.

'கிரிப்டோ தடை செய்யப்பட்டது, புகார் கொடுத்தால் நானே மாட்டிக்கொள்வேனோ' என்ற பயம் பலருக்கு இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2018-ல் போட்ட கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. 2025 அக்டோபரில் நம் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயமும் ஒரு சொத்துதான் என்று தீர்ப்பளித்தார். உங்கள் சொத்து பறிபோயிருக்கிறது, நீங்கள் தைரியமாகச் சொல்லலாம்.

1930-ல் பதிந்ததோடு நிற்காதீர்கள். உங்கள் பகுதி காவல் மாவட்டத்தின் சைபர் குற்றப் பிரிவிலோ, வேப்பேரி ஆணையர் அலுவலகத்தில் உள்ள மத்தியக் குற்றப் பிரிவிலோ எழுத்துப்பூர்வ மனு கொடுங்கள். மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்தி அடையாமல் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4), 319 பிரிவுகளும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும் இதற்குப் பொருந்தும். பதிய மறுத்தால் மேலதிகாரிக்கு மனு, அதன் பிறகும் அசையாவிட்டால் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3) பிரிவில் எழும்பூர் நீதிமன்றத்தில் மனு. வக்கீல் வைக்க வசதி இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. உயர்நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள்.

டெலிகிராம் குழுவிலிருந்து கோபத்தில் வெளியேறாதீர்கள், போனை ரீசெட் செய்யாதீர்கள். அந்த உரையாடல்தான் உங்கள் சாட்சி. நீதிமன்றத்தில் அதைத் தாக்கல் செய்ய, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழோடு அசல் போனும் தேவைப்படலாம். மாஸ்டரின் பெயரை மட்டும் குறிக்காமல் அவருடைய யூசர்நேமையும் குறியுங்கள்.

மூன்று நாளுக்குள் சொன்னால் வங்கி முழுப் பணத்தையும் தந்துவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ரிசர்வ் வங்கியின் அந்த 2017 விதி, உங்களுக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டால் பொருந்துவது. நீங்களே அனுப்பிய பணத்துக்கு வராது.

உங்கள் நாத்தனார் வீட்டுக்காரர் விஷயத்தில் மிகவும் கவனம். அவர் பணத்தை நேராகத் தளத்துக்குப் போட்டிருந்தால், உங்கள் கணக்கு வழியாகப் போகவில்லை என்றால், நீங்கள் அவருக்குக் கடன்பட்டவர் இல்லை. நல்லெண்ணத்தில் சொன்னதற்காக 1,50,000 ரூபாய் தர வேண்டும் என்று சட்டம் சொல்லாது. ஆனால் குடும்பச் சண்டை வேண்டாம் என்று நினைத்து ஒரு பிராமிசரி நோட்டிலோ காசோலையிலோ கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் மாறிவிடும். காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வழக்கு வரும். அங்கே கடன் இருந்தது என்றே நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். பூர்த்தி செய்யாத காசோலையும் தராதீர்கள். அவரைச் சேர்த்துவிட்டதற்கு உங்களுக்கு ரெஃபரல் கமிஷன் ஏதாவது வந்ததா என்பதை நீங்கள் எழுதவில்லை. வந்திருந்தால், திரையில் மட்டும் காட்டியிருந்தாலும், போலீசிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அவரையும் கூட அழைத்துப் போய் அவர் பெயரில் தனிப் புகார் கொடுக்கச் செய்யுங்கள். ஒரே தளத்தைப் பற்றி இரண்டு பேர் வந்து நின்றால் வழக்குக்கும் பலம், உறவுக்கும் நல்லது.

தளத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இல்லையா என்று என்னிடம் வருகிற எல்லோரும் கேட்கிறார்கள். கொஞ்சம் இருக்கிறது. பூட்டு படம் இருந்தால் பாதுகாப்பு என்று நம்பாதீர்கள், அந்தச் சான்றிதழ் எந்தத் தளத்துக்கும் இலவசமாகக் கிடைக்கும். டொமைன் (தளத்தின் இணைய முகவரி) எப்போது பதிவானது என்று 'ஹூ இஸ்' தேடலில் பார்க்கலாம். பத்து வருட நிறுவனம் என்று சொல்லிக்கொள்ளும் தளம் மூன்று மாதத்துக்கு முன் பதிவாகியிருந்தால் அங்கேயே விட்டுவிடலாம். பிரபல எக்ஸ்சேஞ்சின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வைப்பது சகஜம். பிளே ஸ்டோரில் இல்லாத செயலியின் ஏ.பி.கே. கோப்பை டெலிகிராமில் அனுப்பினால் நிறுவாதீர்கள். உங்கள் வாலட்டின் 12 அல்லது 24 மீட்புச் சொற்களைக் கேட்டால் அது திருட்டு. 'ஆர்.பி.ஐ. அங்கீகாரம்', 'செபி அங்கீகாரம்' என்று போட்டிருந்தால் பொய், அவர்கள் எந்தக் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுக்கும் உரிமம் தருவதில்லை. அமெரிக்க எம்.எஸ்.பி. (பணச் சேவை நிறுவனம்) பதிவு என்று ஒரு சான்றிதழைக் காட்டுவார்கள். அது பதிவு மட்டும்தான், தகுதிச் சான்று இல்லை. 2023 மார்ச்சிலிருந்து இங்கே தொழில் செய்யும் எக்ஸ்சேஞ்சுகள் மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிய வேண்டும். அந்தப் பதிவு கருப்புப் பணத்தைக் கண்காணிப்பதற்காக ஏற்பட்டது, உங்கள் முதலீட்டுக்கு உத்தரவாதம் தருவதற்காக அல்ல.

இவ்வளவையும் பொய்யாகச் செய்ய அவர்களால் முடியும், நாளுக்கு நாள் நன்றாகவே செய்கிறார்கள். அதனால் நான் தளத்தைப் பார்ப்பதைவிட, பணம் யார் பெயருக்குப் போகிறது என்றே பார்க்கச் சொல்வேன். உங்கள் ஐந்து தவணை ரசீதுகளையும் எடுத்துப் பாருங்கள். ஏதோ ஒரு டிரேடர்ஸ், ஏதோ ஒரு எண்டர்பிரைசஸ், ஒரு தனிநபர் என்று இருக்கும், ஒவ்வொரு முறையும் பெயர் மாறியிருக்கும். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லிக்கொள்கிறவன் எதற்காக யாரோ ஒரு கடைக்காரரின் நடப்புக் கணக்கில் பணம் வாங்குகிறான்? பெறுபவர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் ஒன்றாக இல்லை என்றால் அனுப்பும் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும்.

உங்கள் கணவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். விசாரணைக்கு வீட்டுக்குப் போன் வரும், சம்பளக் கணக்கும் முடங்கியிருக்கிறது, இதை ஒளித்து வைக்க முடியாது. நீங்கள் சொல்லி அவர் தெரிந்துகொள்வது வேறு, ஆய்வாளர் சொல்லித் தெரிந்துகொள்வது வேறு. சொல்லத் தயக்கமாக இருந்தால் இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள்.

புகார் கொடுத்த பிறகு சிலர் உங்களைத் தேடி வரலாம். 'சைபர் வக்கீல்', 'பிளாக்செயின் நிபுணர்', 'பணத்தை மீட்டுவிட்டோம், 10 சதவீதம் கட்டுங்கள்' என்பார்கள். ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்து அதே கும்பல்கூட இதைச் செய்யும். பார் கவுன்சில் விதி 36-இன்படி வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து கட்சிக்காரரைப் பிடிக்கக் கூடாது. ஃபேஸ்புக்கில் விளம்பரம் கொடுத்து, முன்பணம் கேட்கிற கிரிப்டோ மீட்பு வக்கீலை அந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கிவிடலாம்.

வரி வரவில்லை என்றதும் மாஸ்டர் மறுபடி அழைப்பார். முதலில் அன்பாகப் பேசுவார், பிறகு கணக்கை மூடிவிடுவேன் என்று மிரட்டுவார். புகார் கொடுத்ததை அவரிடம் சொல்லாதீர்கள், அவரைச் சிக்கவைக்க நீங்களாக எதுவும் முயலவும் வேண்டாம். புதிதாக ஒரு கணக்கு எண்ணோ வாலட் முகவரியோ அனுப்பினால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து விசாரணை அதிகாரிக்கு அனுப்புங்கள். அந்தக் கணக்கில் அப்போது வேறு யாரோ ஒருவரின் பணம் இருக்கக்கூடும்.