அணி உரிமையாளர் பணத்தைப் பார்த்துப் பார்த்துச் செலவழித்தால் கால்பந்து ரசிகர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது? கிளப் லாபத்தில் ஓடுவது நல்லதுதானே?

நல்லதுதான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லையென்றால் கமெண்டில் யாராவது இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் கிளப் கதையைத் தூக்கிக்கொண்டு வருவார். அதையும் நானே சொல்லிவிடுகிறேன். 2001இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி ஆடிய அணி அது. இனிமேல் வரப்போகிற பணத்தை நம்பிக் கடன் வாங்கி வீரர்களைக் குவித்தார்கள். பணம் வரவில்லை. 2004இல் இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கி, 2007இல் மூன்றாம் டிவிஷன் வரைக்கும் போய், மேலே திரும்பி வர 2020 ஆகிவிட்டது. போர்ட்ஸ்மவுத் 2008இல் எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது, 2010இல் கடன்காரர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் திவால் நிர்வாகத்தின் கீழ் போனது. இதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். வீட்டை விற்று விருந்து வை என்று எந்த உரிமையாளரையும் நான் கேட்கவில்லை.

என் அணி எது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பதிலை விட்டுவிட்டு அணியைப் பற்றித்தான் சண்டை நடக்கும். ஒவ்வொரு சீசனும் பட்டியலின் நடுவில் எங்கேயோ முடிக்கிற, எதையும் வெல்லாத, ஆனால் கணக்கில் எப்போதும் சுத்தமாக இருக்கிற ஒரு கிளப் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒழுங்கான லெஃப்ட் பேக், அதாவது இடது ஓரத்தில் தடுத்து ஆடுகிறவர், கிடையாது. இந்த வருஷம் மட்டும் இல்லை என்று நினைக்காதீர்கள், பல வருஷமாகவே இல்லை. வலது காலால் ஆடுகிற ஒரு சென்டர் பேக்கை இடது ஓரத்தில் நிறுத்தி ஒப்பேற்றுகிறோம். பந்து கிடைத்ததும் அவர் உள்ளே திரும்புவார், திரும்புவதற்குள் எதிரணி தடுக்கத் தயாராக நின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆட்ட ஞானம் வேண்டாம், டிவியில் சும்மா பார்க்கிறவனுக்கே தெரியும். வீரர்களை வாங்க, விற்க அனுமதிக்கிற காலத்துக்குப் பெயர் டிரான்ஸ்பர் விண்டோ. ஒவ்வொரு விண்டோவின் கடைசி இரவிலும் நானும் என் நண்பனும் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவன் "வந்தாச்சா?" என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்புவான். நான் "இல்ல" என்பேன். எங்கள் நட்பில் பாதி இந்த உரையாடல்தான்.

கோபம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் எனக்குக் கிடைக்கிற விடை இது. உரிமையாளர் நிதியாண்டை வைத்துக் கணக்குப் போடுகிறார், ரசிகன் வீரனின் வயதை வைத்துக் கணக்குப் போடுகிறான். ஒரு நல்ல ஸ்ட்ரைக்கருக்கு உச்சத்தில் இருக்கிற காலம் ஆறேழு வருஷம் இருக்கலாம். அதில் இரண்டு சீசனை "இந்த முறை பொறுத்துக்கொள்வோம், அடுத்த விண்டோவில் பார்ப்போம்" என்று தள்ளினால், கணக்குப் புத்தகத்தில் அது மிச்சம். ஆட்டத்தில் அது போனது போனதுதான்.

இதற்கு லண்டன் கிளப் டாட்டன்ஹாமைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 2016-17 சீசனில் அவர்கள் 86 புள்ளிகள் எடுத்து இரண்டாவதாக வந்தார்கள். அந்த சீசனில் லீக்கிலேயே அதிக கோல் அடித்ததும் அவர்கள்தான், குறைவாகக் கோல் விட்டதும் அவர்கள்தான். அந்தக் கோடையில் ஹாரி கேனுக்கு 24 வயது, எரிக்சனுக்கு 25, சோனுக்கு 25, டெலி அல்லிக்கு 21. ஓர் அணிக்கு இப்படி வயது ஒத்துப்போவது அபூர்வம். இன்னும் இரண்டு மூன்று பேரை, சரியான இடத்தில், சேர்த்திருந்தால் போதும். நடந்தது என்ன? அந்தக் கோடையில் ரைட் பேக் கைல் வாக்கரை மான்செஸ்டர் சிட்டிக்கு விற்றார்கள். 2018 கோடையில் ஒருவரைக்கூட வாங்கவில்லை. பிரீமியர் லீக்கில் கோடை விண்டோ முறை வந்த பிறகு அப்படி ஒரு கிளப் சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை. 2019 ஜனவரியிலும் யாரும் வரவில்லை, மிட்ஃபீல்டர் டெம்பேலே மட்டும் சீனாவுக்குப் போனார். 2018 ஜனவரியில் வந்த லூகாஸ் மௌராவுக்குப் பிறகு அடுத்த வீரர் வந்து சேர 517 நாள் ஆனது.

காரணம் இல்லாமல் இல்லை. சுமார் 100 கோடி பவுண்ட் செலவில் புது மைதானம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மைதானம் அருமையானது, அதை நான் மறுக்கவில்லை. ஐம்பது வருஷத்துக்கு அது சம்பாதித்துக் கொடுக்கும். ஆனால் கேன் ஐம்பது வருஷம் ஆடமாட்டாரே.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீரர்களும் மேனேஜர் பொச்செட்டினோவும் அந்த வறண்ட சீசனிலேயே அணியை சாம்பியன்ஸ் லீக் இறுதிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் நடந்த அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில், இடைவேளையின்போது இரண்டு ஆட்டமும் சேர்த்து மூன்று கோல் பின்தங்கியிருந்து, மௌரா மூன்று அடித்து, கடைசி கோல் 90 நிமிடத்துக்கு மேல் சேர்த்த நிமிடங்களும் முடியப்போகிற நொடியில் விழுந்தது. டாட்டன்ஹாம் எனக்குச் சொந்த அணியும் இல்லை, நானே எழுந்து கத்தினேன். இறுதியில் லிவர்பூலிடம் 2-0 தோற்றார்கள்.

லிவர்பூல் உரிமையாளர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். அவர்களையும் அந்த ரசிகர்கள் கஞ்சன் என்றுதான் திட்டுவார்கள். 2018 ஜனவரியில் கூட்டின்யோவை பார்சிலோனாவுக்கு விற்றார்கள், பேசிய விலை, பின்னால் தரவேண்டிய கூடுதல் தொகைகளையும் சேர்த்தால், 14 கோடி பவுண்டைத் தாண்டும். அதே மாதம் டிஃபெண்டர் வான் டைக்கை 7.5 கோடிக்கு வாங்கினார்கள். மே மாதம் சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் கோல்கீப்பர் தவறுகளால் தோற்றார்கள், இரண்டு மாதத்தில் புது கோல்கீப்பராக அலிசன் வந்துவிட்டார். அடுத்த வருஷம் மாட்ரிட்டில் டாட்டன்ஹாமுக்கு எதிரான அந்த இறுதியில் அலிசன் ஒரு கோலும் விடவில்லை. வந்த பணத்தை ஓட்டை இருந்த இடத்தில் போட்டார்கள், அவ்வளவுதான். இப்படிச் செலவழிக்கிறவரை நான் கஞ்சன் என்று சொல்லமாட்டேன். விற்ற அன்றைக்கு அவர்களையும் திட்டியிருப்பேன், அது வேறு விஷயம்.

பிற்பாடு டாட்டன்ஹாம் பெரிய தொகைகள் செலவழித்தது. 2019 கோடையில் கிளப் சாதனை விலைக்கு எண்டோம்பேலே வந்தார், எடுபடவில்லை. எரிக்சன் ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கையில் சொற்ப விலைக்கு இன்டர் போனார். டிஃபெண்டர் வெர்டோங்கன் ஒப்பந்தம் முடிந்து கிளம்பினார். கேன் 280 கோல் அடித்து, ஒரு கோப்பையும் இல்லாமல், 30 வயதில் பயர்னுக்குப் போனார். 2025 மே மாதம் டாட்டன்ஹாம் 17 வருஷத்துக்குப் பிறகு ஒரு கோப்பை வென்றது, யூரோப்பா லீக். அதே மே மாதம் கேனும் தன் முதல் பட்டத்தை வென்றார், ஜெர்மனியில். இரண்டு தரப்பும் ஜெயித்தது சந்தோஷம். ஆனால் டாட்டன்ஹாம் ரசிகன் அந்த இரண்டு படங்களையும் ஒரே படமாகத்தானே பல வருஷம் கற்பனை செய்து வைத்திருந்தான்.

தாமதத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. 2011 ஆகஸ்ட்டில் ஆர்சனல் ஃபேப்ரெகாஸையும் நஸ்ரியையும் விற்றது. மாற்று ஆள் இல்லை. ஆகஸ்ட் 28 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில் 8-2 என்று தோற்றார்கள். விண்டோ மூட மூன்றே நாள். அந்த மூன்று நாளில் ஆர்டெட்டா, மெர்டசாக்கர், ஆந்த்ரே சான்டோஸ், லோனில் பெனாயூன் என்று ஓடி ஓடி ஆள் பிடித்தார்கள். ஜூனில் பேரம் பேச வேண்டியதை ஆகஸ்ட் 31 அன்று பேசினால் விற்கிறவர் சும்மா விடுவாரா? (நியாயமாகச் சொல்வதானால் ஆர்டெட்டாவும் மெர்டசாக்கரும் நன்றாகவே ஆடினார்கள், அந்த சீசன் மூன்றாம் இடத்தில் முடிந்தது. அதிர்ஷ்டம் என்பேன்.) அந்த சீசனில் லீக்கில் 30 கோல் அடித்த வான் பெர்சி அடுத்த கோடையில் மான்செஸ்டர் யுனைடெட் போய் அங்கே சாம்பியன் ஆனார்.

"விதி விடமாட்டேன் என்கிறது" என்று ஒரு பதில் இப்போது புதிதாகக் கிடைத்திருக்கிறது. இது முழுப் பொய் இல்லை. மூன்று வருஷத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் (கீழ் டிவிஷனிலிருந்து புதிதாக வந்த அணிக்கு இன்னும் குறைவு) நஷ்டம் காட்டக்கூடாது என்ற அப்போதைய விதியை மீறியதற்காக 2023-24 சீசனில் எவர்டனுக்கு இரண்டு தவணையாக 8 புள்ளியும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு 4 புள்ளியும் வெட்டினார்கள். ஆனால் கணக்கு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தச் சாக்கு எல்லா நேரமும் செல்லாது என்பது புரியும். 5 கோடிக்கு ஒருவரை வாங்கி ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டால், புத்தகத்தில் வருஷத்துக்கு 1 கோடிதான் செலவாக ஏறும், சம்பளம் தனி. விற்கும்போது வரும் லாபம் அந்த வருஷத்திலேயே ஏறிவிடும். அகாடமியில் வளர்ந்த பையனை விற்றால் ஏறக்குறைய மொத்தமும் லாபம். அதனால்தான் உள்ளூர்ப் பையன்களை விற்கிறார்கள், ரசிகன் யாரை மகன் போல நினைக்கிறானோ அவனை முதலில். எங்கள் கிளப்பும் அப்படி ஒருவனை விற்றது. வந்த பணம் லெஃப்ட் பேக்காக மாறவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

குறைந்த செலவில் அணி கட்ட முடியாது என்றும் யாரும் சொல்லக்கூடாது. பிரைட்டன் கிளப் மிட்ஃபீல்டர் கைசெடோவை ஈக்வடாரிலிருந்து சுமார் 45 லட்சம் பவுண்டுக்கு எடுத்து வைத்திருந்தது. இன்னொரு மிட்ஃபீல்டர் பிசூமாவை விற்றபோது அந்த இடத்துக்கு அவர் தயார். பிறகு அவரையே, கூடுதல் தொகைகளையும் சேர்த்து, 11.5 கோடி வரையிலான விலைக்கு செல்சியிடம் விற்றார்கள். பிரென்ட்ஃபோர்ட் 2020இல் மேலே வரும் கடைசி ஆட்டத்தில் தோற்று, அந்தக் கோடையிலேயே ஸ்ட்ரைக்கர் வாட்கின்ஸை விற்றது. ரசிகர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் ஐவன் டோனி வந்தார், அடுத்த வருஷமே பிரீமியர் லீக். இங்கே ஒரு வீரன் போவதற்கு முன்பே அடுத்தவன் யார் என்று யாரோ ஒருவர் யோசித்து வைத்திருக்கிறார். அந்த யோசனைக்குப் பெரிய பணம் தேவையில்லை. செல்சி 2022-23இல் 50 கோடி பவுண்டுக்கு மேல் கொட்டி 12ஆம் இடத்தில் முடித்ததே.

எனக்குப் பயமாக இருப்பது ஒன்று உண்டு. நியூகாசில் மைக் ஆஷ்லியிடம் 14 வருஷம் இருந்தது, இரண்டு தடவை கீழே இறங்கியது. 2021 அக்டோபரில் கிளப் கைமாறிய அன்று மைதான வாசலில் கூட்டம் ஆடியது. வாங்கியது சவூதி அரசின் நிதியம், அது பற்றிய கேள்விகள் எதுவும் அன்று வாசலில் எடுபடவில்லை. எத்தனையோ வருஷம் பட்டினி போட்டால், சாப்பாடு யார் தருகிறார் என்று கேட்கிற பழக்கம் போய்விடும்போல. நாளைக்கு என் கிளப்பை யாராவது வாங்கினால் நான் வாசலில் நின்று கேள்வி கேட்பேனா? கேட்பேன் என்று உறுதியாகச் சொல்ல வாய் வரவில்லை.

போன விண்டோவின் கடைசி இரவு. பதினொன்றே கால் மணிக்கு நண்பனின் மெசேஜ் வந்தது.

"வந்தாச்சா?"

"ஒருத்தர் வந்திருக்கார்."

"யாரு?"

"மூணாவது கோல்கீப்பர். ஃப்ரீ டிரான்ஸ்பர்."

"வயசு?"

"35."

கொஞ்ச நேரம் பதில் இல்லை. தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். அப்புறம் கேட்டான்: "இடது கால்காரரா?"