வலிப்பு: சிஸ்டரிடம் கேளுங்கள்

நரம்பியல் வார்டில் 19 வருடம் நர்ஸாக இருந்தவள். மருந்தின் அளவை மட்டும் கேட்காதீர்கள், அது உங்கள் டாக்டர் வேலை.

கேள்வி: வலிப்பு வரும்போது கையில் சாவி கொடுக்கலாமா சிஸ்டர்?

வேண்டாம். வாயிலும் எதையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து மணி பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108.

கேள்வி: இரண்டு வருடமாக வரவில்லை. மாத்திரையை விட்டுவிடலாமா?

நீங்களாக விடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் விடாமல் தொடர்ந்து வலிப்பு வரலாம். விடுவதானாலும் டாக்டர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக.

கேள்வி: தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். வலிப்பைச் சொல்ல வேண்டாம் என்கிறார் அம்மா.

சொல்லுங்கள். எங்கள் வார்டுக்கு ஒரு பெண் வந்தாள். புகுந்த வீட்டில் மாத்திரையைக் குங்குமச் சிமிழில் வைத்திருந்தாள். அறையில் தனியாக இருந்தால்தான் போட முடியும். கல்யாண வீட்டில் தனிமை ஏது? இரண்டு நாள் மாத்திரை இல்லை, சரியான தூக்கமும் இல்லை. மூன்றாம் நாள் அடுப்படியில் விழுந்தாள். வலிப்பு இரண்டே நிமிடம்தான், முழங்கையில் தீக்காயம் ஆற இரண்டு மாதம் ஆனது.

இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பைக் காட்டிக் கல்யாணத்தை ரத்து செய்ய முன்பு வழி இருந்தது, 1999 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் மறைத்தால், ஏமாற்றிக் கட்டிவைத்தார்கள் என்று வழக்குப் போட இடம் உண்டு.

அப்புறம், உங்கள் தங்கை சாப்பிடுவது வால்புரோயேட் என்ற வலிப்பு மாத்திரையா என்று பாருங்கள். அது கருவைப் பாதிக்கும். மாற்றுவதைப் பற்றி இப்போதே டாக்டரிடம் பேசுங்கள்.

இன்னொருவர்: சர்க்கரையைச் சொல்லியா எல்லாரும் கட்டுகிறார்கள்? சொன்னால் ஒருத்தனும் வரமாட்டான்.

சில பேர் வரமாட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். தெரிந்தே வருபவன் வீட்டில் மாத்திரை மேஜைமேல் இருக்கும்.

அவரே மீண்டும்: உங்கள் மகளாக இருந்தால் சொல்வீர்களா?

என் தம்பிக்கு வலிப்பு. ஐந்து வீட்டில் சொன்னோம், நாலு வீட்டில் காபியோடு சரி. ஐந்தாவது வீட்டுப் பெண்தான் இன்று அவனுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள்.

கேள்வி: சாவிதான் கிடையாது, இரும்புக் கம்பி?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பைக் ஓட்டலாமா?

லைசென்ஸ் படிவத்திலேயே வலிப்பு உண்டா என்று கேட்கிறார்கள். பொய் எழுதாதீர்கள்.

கேள்வி: கணவர் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். முன்பு இப்படி இல்லை.

லெவடிராசிட்டம் என்ற வலிப்பு மாத்திரை ஆரம்பித்த பிறகா? சிலருக்கு அது அப்படிச் செய்யும். எந்தத் தேதியில் தொடங்கினார், எப்போதிலிருந்து கோபம் என்று எழுதி டாக்டரிடம் காட்டுங்கள், மாற்று மருந்துகள் உண்டு. அதுவரை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டாவது தடவை சொல்கிறேன்.