எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்றால் சுகாதாரத்துறை போலீசிடம் சொல்லிவிடுமா?

தாராவியில் இருக்கும் ஒரு தம்பி, இந்தப் பயத்தில் சோதனைக்கே போகாமல் இருப்பதாகக் கேட்டிருந்தார். பயப்படாமல் போங்க தம்பி. எச்.ஐ.வி. இருப்பது இந்தியாவில் குற்றமே இல்லை.

உயிருக்கு ஆபத்தான நோயைப் பரப்புவதற்கென்று பொதுவான பிரிவுகள் உண்டு. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 269, 270. இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 271, 272. அலட்சியத்துக்கு 6 மாதம் வரை, கெட்ட எண்ணத்தோடு செய்தால் 2 ஆண்டு வரை சிறை.

ஆனால் உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1989-ல் கோவாவில் ரத்த தானம் செய்யப்போய்த் தொற்று தெரியவந்த டொமினிக் டிசோசாவை, சுகாதாரச் சட்டத்தைக் காட்டி 64 நாள் அடைத்து வைத்தார்கள். அப்படி அடைத்தால் அடுத்தவர் சோதனைக்கு எப்படி வருவார்?

2018-ல் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் இதை மாற்றியது. உங்கள் சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது. கோர்ட் உத்தரவு போன்ற சில விலக்குகள் தவிர, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. மனைவிக்கு ஆபத்து இருந்து, ஆலோசனைக்குப் பிறகும் நீங்கள் சொல்லமாட்டீர்கள் என்று பட்டால், உங்களிடம் தெரிவித்துவிட்டு டாக்டர் அவரிடம் சொல்லலாம். பாசிட்டிவ் ஆனவர் பெண்ணாக இருந்து, கணவர் அடிப்பார், கைவிடுவார் என்ற அச்சம் இருந்தால் கணவரிடம் சொல்லக் கூடாது.

சயான் மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். சோதனையும், வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையும் இலவசம். மாத்திரையால் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகப் பரவாது. முதலில் பேச வேண்டுமென்றால் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குக் கூப்பிடுங்க.