1806டா

அன்புள்ள ஐயா,

நான் பார்வையற்றவன். சேலத்தில் வங்கி வேலை. கல்லூரி நாட்களில் எனக்குப் பாடம் வாசித்து, தேர்வும் எழுதித் தந்த அம்மா ஒருவர் சென்ற மாதம் காலமானார். கடைசிவரை நண்பராக இருந்தவர். எங்கள் சங்க மலருக்கு அவரைப் பற்றி எழுத, 'கண் தந்த தெய்வம்' என்று தலைப்பு வைத்தேன். இரண்டு பத்தியோடு நின்றுவிட்டது. எவ்வளவு நீளம் எழுதலாம்? இப்போது கைபேசியே வாசித்துவிடுகிறதே, இனி இவர்களெல்லாம் தேவைப்படுவார்களா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கைபேசியை விடுங்கள். உங்கள் கடிதத்தை எனக்கு வாசித்ததும் என்.வி.டி.ஏ. என்ற கணினித் திரைவாசிப்பான்தான். 'வங்கி'யையும் 'காலமானார்' என்பதையும் ஒரே குரலில் வாசித்தது. 'தெய்வம்' வந்ததும் எனக்குக் கோபம் வந்தது.

எனக்கும் ஓர் அக்கா இருந்தார். தொண்ணூறுகளில் என் வரலாற்றுப் பாடங்களை 90 நிமிடக் கேசட்டுகளில் வாசித்துப் பதிவு செய்வார். இன்று வாசிக்க வரும் பிள்ளைகள் ரேடியோ நாடகம் போல ஏற்ற இறக்கம் காட்டுகிறார்கள். அடிக்குறிப்பை 'முக்கியமில்லை' என்று தாண்டிவிடுகிறார்கள். யாருக்கு முக்கியமில்லை? அக்கா பக்க எண்ணைக்கூட விடமாட்டார். பிரெஞ்சுப் புரட்சியின் நடுவில் "இருடா, பால் பொங்குது" என்று ஓடுவார். கேசட் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாம் ஆண்டுத் தேர்வை எழுதவும் அவரே வந்தார். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர் என்பதால் விட்டார்கள். அதைவிட அதிகம் படித்தவர் எழுதினால் திருத்தி எழுதிவிடுவாராம். மத்திய அரசின் 2013 நெறிமுறை இந்தப் படிப்புக் கட்டுப்பாட்டை எடுத்தது. 2018இல், நாமே ஆளை அழைத்து வந்தால் அவர் ஒரு படி குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்று திரும்பக் கொண்டுவந்தார்கள். அவர்கள் அக்காவைப் பார்த்ததில்லை.

வேலூர்ப் புரட்சி பற்றி ஒரு கேள்வி. பதற்றத்தில் 1857 என்றேன். பேனா நின்றது எனக்குக் கேட்டது. அப்புறம் எழுதினார். ஆட்டோவில் வரும்போதுதான் சொன்னார்: "1806டா."

அவர் வாயால் கேசட்டில் வாசித்த பாடம்! ஏன் திருத்தவில்லை என்று கத்தினேன்.

"பரீட்சை உன்னோடது. நான் திருத்தினா அது என் பேப்பரு."

இரண்டு மாதம் பேசவில்லை. அதுவரை நான் 'சரிக்கா, நன்றிக்கா' என்று குழைந்துகொண்டிருந்தவன். உதவி செய்பவரிடம் எவன் கோபப்படுவான்? அடுத்த கேசட் வராமல் போய்விடுமோ என்ற பயம் அடிவயிற்றில் இருந்துகொண்டே இருக்கும். உங்களுக்கும் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லாதீர்கள். ஆனால் அந்த இரண்டு மாதமும் வாரம் தவறாமல் கேசட் வந்தது, அவர் பையன் கையில். கடைசியில் நானே போய் வாசலில் நின்றேன். "சண்டை முடிஞ்சுதா? வா, வெங்காயம் உரி" என்றார். அன்றிலிருந்து அவரிடம் நான் நன்றி சொன்னதாக நினைவில்லை.

உங்கள் கடிதத்தில் அந்த அம்மா வாசிக்கிறார், எழுதுகிறார், காலமாகிறார். ஒருமுறைகூட உங்களைத் திட்டவில்லை. நீங்களும் அவரிடம் முறைத்துக்கொள்ளவில்லை. அப்படி ஒரு நாள் வராமலா கடைசிவரை நண்பராக இருந்தார்? தலைப்பை அழியுங்கள். அந்த நாளிலிருந்து தொடங்குங்கள்.

நீளமா? அதை மலர்க்குழுவைக் கேளுங்கள்.