சோதனைக்கு முன் ஆயுள் பாலிசி

கேள்வி: அம்மாவுக்கும் சித்திக்கும் ஐம்பது வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வந்தது. எனக்கு 37. டாலஸில், 60 பேர் உள்ள நிறுவனத்தில் வேலை. மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் பிஆர்சிஏ மரபணுச் சோதனை செய்யச் சொல்கிறார் டாக்டர். முடிவு பாதகமாக வந்தால் வேலையும் இன்ஷூரன்ஸும் போய்விடுமா?

பதில்: வேலை போகாது, மருத்துவ இன்ஷூரன்ஸும் போகாது. ஆபத்து ஆயுள் இன்ஷூரன்ஸில்தான் இருக்கிறது. அதை முதலில் எடுத்துவிட்டுச் சோதனைக்குப் போங்கள்.

அமெரிக்காவில் 2008-ல் வந்த ஜினா சட்டப்படி, மரபணுத் தகவலைக் காட்டி மருத்துவ இன்ஷூரன்ஸை மறுக்கவோ பிரீமியத்தை ஏற்றவோ முடியாது. 15 பேராவது வேலை செய்யும் நிறுவனம் அதைக் காரணமாக வைத்து வேலை மறுக்கவோ, பதவி உயர்வைத் தடுக்கவோ, நீக்கவோ கூடாது. சோதனை முடிவு மட்டுமல்ல, அம்மாவுக்கும் சித்திக்கும் வந்த நோயும் இந்தச் சட்டத்தின் கணக்கில் மரபணுத் தகவல்தான்.

ஆபீஸில் ஊழியர் உடல்நலத்துக்காக நடத்தும் வெல்னஸ் திட்டத்தின் படிவத்தில் குடும்ப நோய்களைக் கேட்டால் காலியாக விடுங்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் தராததற்காக அந்தத் திட்டத்தின் பரிசுத்தொகையை நிறுத்தக் கூடாது. அம்மாவைக் கவனிக்க மருத்துவ விடுப்பு கேட்கும்போது மட்டும் அவர் நோயைச் சொல்ல நேரும். அந்த விடுப்புத் தாளை உங்கள் பணிக்கோப்பில் சேர்க்காமல் ரகசியமாகத் தனியே வைப்பது நிறுவனத்தின் கடமை. நிறுவனம் இவற்றை மீறினால், வேலையிடப் பாகுபாட்டை விசாரிக்கும் ஈஈஓசி ஆணையத்தில் புகார் தரலாம். 180 நாள் கெடு. சில மாநிலங்களில் 300. நீங்கள் 180 என்றே எண்ணிக்கொள்ளுங்கள். ஆதாரமாக மின்னஞ்சல்களை அழிக்காமல் வையுங்கள்.

ஆயுள் இன்ஷூரன்ஸ், வேலை செய்ய முடியாமல் போனால் வருமானம் தரும் பாலிசி, முதுமைப் பராமரிப்பு பாலிசி ஆகிய மூன்றையும் ஜினா தொடவே இல்லை. சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். ஃப்ளோரிடா 2020-ல் தன் அளவில் இதை அடைத்தது. நீங்கள் இப்போதே டேர்ம் பாலிசிக்கு (குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான ஆயுள் பாலிசி) விண்ணப்பியுங்கள். பாலிசி கைக்கு வந்து முதல் பிரீமியம் கட்டும்வரை மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுக்காதீர்கள். நடுவில் முடிவு வந்தால் அதையும் தெரிவிக்க வேண்டியிருக்கும். குடும்ப நோய் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், பிரீமியம் கூடினாலும் சரி. மறைத்தது முதல் இரண்டு ஆண்டுக்குள் தெரிந்தால் பாலிசியையே ரத்து செய்வார்கள், பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது. உடல்நலக் கேள்வி இல்லாமல் ஆபீஸில் கிடைக்கும் குழு ஆயுள் பாலிசி எவ்வளவு என்று எச்.ஆரிடம் கேளுங்கள், வேலை மாறும்போது அதைத் தனி பாலிசியாக மாற்ற முடியுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

யாருக்கும் தெரியாமல் இருக்கட்டும் என்று வீட்டிலேயே செய்யும் மரபணுச் சோதனைக் கிட் வாங்க வேண்டாம். பிஆர்சிஏ மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, கிட் சிலவற்றை மட்டுமே பார்க்கும். அதில் 'இல்லை' என்று வந்தால் அதை நம்பி இருக்க முடியாது. அம்மா சம்மதித்தால், நோய் வந்த அவருக்கே முதலில் சோதனை செய்வது நல்லது. அவரிடம் ஒரு மாற்றம் தெரிந்தால் உங்களிடம் அதைக் குறிப்பாகத் தேடலாம். ஆனால் அதையும் உங்கள் பாலிசி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும்: மார்பில் கட்டியோ மாற்றமோ தெரிந்தால் இந்த வரிசை எதுவும் பொருந்தாது. பாலிசிக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். நோய் உறுதியானாலும் மருத்துவ இன்ஷூரன்ஸை மறுக்க முடியாது; அதை 2014 முதல் வேறொரு சட்டம் காக்கிறது.